கைக்கு ஏற்ற பிடி: வீட்டில் செய்யும் வீடியோ கேம் பெட்டிக்கு ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நம் பிள்ளைகளில் பலர் இப்போது விடுமுறை நாட்களில் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். தொண்ணூறுகளில் காசு போட்டு நின்றுகொண்டே விளையாடினோமே, அதே உருவத்தில் ஒரு பெட்டி. பிளைவுட், பழைய மானிட்டர், உள்ளே உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று. இவை எல்லாம் பெங்களூரில் சுலபமாகக் கிடைத்துவிடும். குழப்பம் வருவது ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் வாங்கும்போதுதான். "எதுங்க நல்லது?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். நான் முப்பது வருடத்துக்கு மேல் பீனியாவில் மெஷின்களுக்கு கண்ட்ரோல் பேனல் கட்டியவன். பட்டனும் சுவிட்சும்தான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தை வைத்துக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

எது நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. எந்த விளையாட்டு, யாருடைய கை என்று கேட்டால் பதில் உண்டு.

முதலில் விளையாட்டு, பிறகு சாமான்

கடைக்குப் போவதற்கு முன்னால், வீட்டில் யார் யார் என்னென்ன விளையாட்டு ஆடப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். விளையாட்டுக்கு விளையாட்டு பிடி மாறும். 1980இல் ஜப்பானின் நாம்கோ வெளியிட்ட பேக்-மேனுக்கு ஒரு ஜாய்ஸ்டிக் போதும். ஆட்டம் தொடங்கும் பட்டனைத் தவிர வேறு பட்டனே தேவையில்லை. அதற்கு முந்தைய வருடம் அடாரி வெளியிட்ட ஆஸ்டிராய்ட்ஸில் இது தலைகீழ்: ஜாய்ஸ்டிக்கே கிடையாது, இடது, வலது, வேகம், சுடு என்று எல்லாமே பட்டன்தான். 1981இல் வந்த சென்டிபீடுக்கு டிராக்பால் என்ற உருளும் பந்து வேண்டும். 1991இல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகத்துக்கு ஒரு ஆளுக்கு ஆறு பட்டன்: மூன்று குத்து, மூன்று உதை.

நம் ஊர் வீடியோ கேம் கடைகளில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பெயர் சட்டென்று நினைவுக்கு வரும்: "முஸ்தபா கேம்". அதன் நிஜப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், காப்காம் 1993இல் வெளியிட்டது. அதில் வரும் முஸ்தபா கெய்ரோ என்ற பாத்திரத்தின் பெயரே நம்மிடையே விளையாட்டின் பெயராகிவிட்டது. அதற்கு அடி, குதி என்று இரண்டே பட்டன்தான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் விசேஷ அடி. ஆகவே அந்த இரண்டு பட்டனும் ஒரே கையின் இரண்டு விரலுக்கு எட்டும்படி பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடுவதற்கு ஸ்டிக்கை ஒரே திசையில் டக் டக் என்று இரண்டு தரம் தட்ட வேண்டும். ஸ்டிக் மந்தமாகத் திரும்பினால் முஸ்தபா ஓட மாட்டார், நடப்பார்.

எழுதிய பட்டியலில் எந்த வகை அதிகமோ அதுதான் நீங்கள் வாங்கவேண்டிய சாமானைத் தீர்மானிக்கும்.

நாற்றிசையா, எட்டுத் திசையா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு சின்ன மைக்ரோ சுவிட்சுகள் இருக்கும்: மேல், கீழ், இடம், வலம். ஸ்டிக்கைச் சாய்த்தால் அந்தப் பக்கத்து சுவிட்ச் "டிக்" என்று மூடும். மூலைக்குச் சாய்த்தால் இரண்டு சுவிட்ச் ஒன்றாக மூடும். நான்கு சுவிட்சில் எட்டுத் திசை கிடைப்பது இப்படித்தான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரிலோ முஸ்தபாவிலோ மூலைத் திசை கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கையிலிருந்து நெருப்புப் பந்து விட, கீழே, கீழ்மூலை, முன்னால் என்று ஸ்டிக்கைக் கால் வட்டமாகச் சுற்றிக் குத்துப் பட்டனை அமுக்குவோமே, அதில் மூலை தவறினால் பந்து வராது. ஆனால் பேக்-மேன், டாங்கி காங், ஃபிராகர் போன்ற விளையாட்டுகள் நாற்றிசைக்காக எழுதப்பட்டவை. அவற்றை எட்டுத் திசை ஸ்டிக்கில் ஆடினால், சந்தில் திரும்பும்போது கை லேசாக மூலைக்குப் போய்விடும். இரண்டு சுவிட்ச் ஒன்றாக மூடும். எதை எடுத்துக்கொள்வது என்று விளையாட்டுக்குத் தெரியாது. பேக்-மேன் திரும்பாமல் நேரே போய்ப் பேயிடம் மாட்டிக்கொள்வார். பிள்ளை "நான் சரியாத்தான் திருப்பினேன்" என்று அழும். பிள்ளை சொல்வது நிஜம். தப்பு ஸ்டிக்கில்.

இதைத் தீர்மானிப்பது ஸ்டிக்கின் அடியில் உள்ள ஒரு தகடு. தண்டு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் வாசல் மாதிரி அது. சதுர வாசலில் நான்கு மூலையும் கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும். ஜப்பானிய ஸ்டிக்குகள் பெரும்பாலும் இப்படி வருகின்றன. எண்கோண வாசலில் எட்டு இடத்திலும் லேசான பள்ளம் உணரலாம், புதிதாக ஆடுபவர்களுக்கு இது இதம். வட்ட வாசல் வழுக்கிக்கொண்டு சுற்றும். நாற்றிசை வாசலில் மூலைக்கே போக முடியாது. சில ஸ்டிக்குகளில் இந்தத் தகட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே நாற்றிசை எட்டுத் திசையாகும். வாங்கும்போது கடைக்காரரை அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

உருண்டைப் பிடியும் நீள் பிடியும்

உலகத்தில் இதற்கு இரண்டு பெரிய சம்பிரதாயம் இருக்கிறது. ஜப்பானில் சான்வா, செய்மிட்சு என்ற இரண்டு கம்பெனிகள் பெயர் பெற்றவை. சான்வாவின் ஜேஎல்எஃப் ஸ்டிக்தான் உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது. தலையில் 35 மி.மீ. உருண்டை, தண்டு ஒல்லி, ஸ்பிரிங் லேசு. இரண்டு விரலால் ஆட்டலாம். அமெரிக்கச் சம்பிரதாயத்துக்கு ஹாப் என்ற பெயர். தலை நீளமாக, மேலே பருத்து இருக்கும். ஸ்பிரிங் கடினம். கைப்பிடியை முழுக் கையால் பிடித்து ஆட்டுவதற்கு ஏற்றது.

வேகமான, நுணுக்கமான அசைவுக்கு ஜப்பானிய வகை. முரட்டுத்தனமாகப் பத்துப் பிள்ளைகள் மாறி மாறி இழுக்கப்போகிறார்கள் என்றால் அமெரிக்க வகை. ஜப்பானிய ஸ்டிக்கின் உருண்டையைத் திருகிக் கழற்றிவிட்டு நீள் பிடியும் மாட்டலாம், சான்வாவில் அது எம்6 மரை.

சீனாவில் செய்யும் நகல்கள் சந்தையில் ஏராளம். ஒரு நல்ல ஜப்பானிய ஸ்டிக்கின் விலைக்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்கான நகல் செட் முழுவதும், அதாவது ஸ்டிக், பட்டன், ஒயர், யுஎஸ்பி போர்டு எல்லாம், கிடைத்துவிடும். நகல் என்றாலே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செட்டுக்குச் செட் தரம் மாறும். எங்கே நகல் போதும், எங்கே போதாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டன்: அளவும் அழுத்தமும்

பீனியாவில் நாங்கள் மெஷின் பேனலுக்குப் போடும் புஷ் பட்டன் 22 மி.மீ. துளைக்கானது. "வீட்டிலேயே நாலு கிடக்கு, அதைப் போடலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். அவை ஒரு நாளில் இருபது தரம், யோசித்து அமுக்குவதற்காகச் செய்தவை. விளையாட்டுப் பட்டனை ஒரு நிமிடத்தில் இருநூறு தரம் அமுக்குவார்கள். அதன் தலை அகலமாக, குழிந்தோ குவிந்தோ, விரல் நழுவாதபடி இருக்க வேண்டும்.

ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ. துளை. ஆட்டம் தொடங்கும் பட்டன், காசுப் பட்டன் போன்றவற்றுக்கு 24 மி.மீ. அமெரிக்க வகைக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது ஏறக்குறைய 28.5 மி.மீ. துளை. ஒன்றுக்குப் போட்ட துளையில் மற்றது நிற்காது. பட்டனைக் கையில் வாங்கும்வரை பலகையில் துளை போடாதீர்கள்.

உள்ளே இருப்பது மைக்ரோ சுவிட்ச். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான எளிய கருவி இது. ஒரு வளைந்த உலோகப் பட்டை ஒரு எல்லைவரை தாங்கும், அதற்குமேல் சட்டென்று மறுபக்கம் தாவும். அந்தத் தாவல்தான் நமக்குக் கேட்கும் "கிளிக்". விரலுக்கு அது ஒரு பதில். நம் ஜலஹள்ளி பி.இ.எல். தொழிற்சாலையில் செய்கிற வாக்குப்பதிவு இயந்திரத்தில் நீலப் பட்டனை அமுக்கினால் விளக்கு எரிந்து "பீப்" என்று சத்தம் வருகிறதே, அதுவும் இதே தத்துவம்தான். அமுக்கியவருக்கு "பதிவாகிவிட்டது" என்று உடனே தெரிய வேண்டும்.

அமெரிக்க வகைப் பட்டனில் கிளிக் சத்தமாக, அழுத்தம் கடினமாக இருக்கும். சான்வா பட்டன் விரல் வைத்தாலே இறங்கும், சத்தம் குறைவு. மைக்ரோ சுவிட்சைத் தனியாக மாற்றக்கூடிய பட்டன் என்றால், குறைந்த கிராம் விசையுள்ள சுவிட்ச் வாங்கிப் போட்டு லேசாக்கிக் கொள்ளலாம். இது சின்ன விஷயம் மாதிரித் தோன்றும். கீல்வாதம் உள்ள விரலுக்கு இதுதான் பெரிய விஷயம்.

பலகையும் ஒரு பாகம்தான்

நம் தச்சர்கள் வழக்கமாக எடுப்பது 18 மி.மீ. பிளைவுட். அமெரிக்க வகை இந்தக் கனத்துக்காகவே செய்தது போல இருக்கும்: பட்டனுக்கு நீண்ட மரை, அடியில் நட்டு. ஜப்பானிய வகை மெல்லிய இரும்புத் தகட்டுக்காகச் செய்தது. அதில் உள்ளே அமுக்கி மாட்டும் பட்டன் 18 மி.மீ. பலகையில் கவ்வாது. ஸ்டிக்கின் தண்டும் பலகைக் கனத்தில் மூழ்கி, மேலே குட்டையாகத் தெரியும்.

இதற்கு வழி இரண்டு. ஒன்று, அடியிலிருந்து பலகையை ரவுட்டர் போட்டுக் குடைந்து அந்த இடத்தில் மட்டும் மெலிதாக்குவது. இன்னொன்று, மேலே 3 மி.மீ. அக்ரிலிக் தகடு வைத்து அதில் சரியான துளையும், கீழே உள்ள பலகையில் பெரிய துளையும் போடுவது. எங்கள் தச்சர் அல்சூர்க்காரர், தமிழர். "சார், பட்டனைக் கொடுத்துட்டுப் போங்க, அதைப் பார்த்து ஓட்டை போடறேன். பேப்பர்ல எழுதின அளவை நம்பி நான் பலகையைக் கெடுக்க மாட்டேன்" என்றார். என்னைக் கேட்டால் இதுதான் முதல் விதி.

பட்டன்களின் மையத்துக்கு மையம் 36 மி.மீ. அளவில் வைத்தால் பெரியவர் கைக்குச் சரியாக வரும். நேர்கோட்டில் வைக்காமல் விரல் நுனிகளின் வளைவுப்படி வையுங்கள். கையை மேசையில் தளர்வாக வைத்தால் நடுவிரல் முன்னால் நீண்டிருக்கும், சுண்டுவிரல் பின்னால் நிற்கும். அந்தக் கோடுதான் வரைபடம்.

எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது

டவுன் ஹால் பக்கம் சதர் பத்ரப்பா ரோடு, நம் வாயில் எஸ்.பி. ரோடு, எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்குப் பெயர் போனது. ஒயர், லக், சுவிட்ச், சோல்டரிங் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். பெயர் பெற்ற ஜப்பானிய ஸ்டிக் வேண்டுமென்றால் பெரும்பாலும் தபாலில்தான் வரவழைக்க வேண்டும். எங்கே வாங்கினாலும் கையில் வந்ததும் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

பட்டனை நடுவில் மட்டும் அமுக்கிப் பார்க்காதீர்கள். விளிம்பில் அமுக்குங்கள். மட்டமான பட்டன் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். விளையாடும்போது விரல் விழுவது பெரும்பாலும் விளிம்பில்தான்.

ஸ்டிக்கை ஒரு பக்கம் இழுத்துச் சட்டென்று விடுங்கள். நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்க சுவிட்ச் "டிக்" என்றால் ஸ்பிரிங் சரியில்லை.

மல்ட்டிமீட்டரில் பீப் வைத்து ஒவ்வொரு சுவிட்சையும் பத்துத் தரம் அமுக்குங்கள். பத்துத் தரமும் பீப் வர வேண்டும்.

ஒயர் முனையில் மாட்டும் லக்கின் அளவைப் பாருங்கள். ஜே.சி. ரோட்டு வண்டிச் சாமான் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 6.3 மி.மீ. லக். அமெரிக்க வகை மைக்ரோ சுவிட்சுக்கு 4.8 மி.மீ., சான்வா பட்டனுக்கு 2.8 மி.மீ. வேண்டும்.

விளக்கு எரியும் பட்டன் என்றால் 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கேளுங்கள். 12 வோல்ட் பட்டனை யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் போட்டால் மங்கலாகத்தான் எரியும், அல்லது எரியவே எரியாது.

யாருடைய கை?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொது அறையில் வைக்க ஒரு பெட்டி செய்யத் தீர்மானித்தோம். இளைஞர்கள் கொடுத்த பட்டியலில் எல்லாமே சண்டை விளையாட்டு. ஆளுக்கு ஆறு பட்டன், இரண்டும் ஜப்பானிய ஸ்டிக் என்று கணக்குப் போட்டு வந்தார்கள். வசூலான பணம் அதற்கே சரியாகிவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், வாதம் வந்து வலது கை சரியாக எழும்பாது. பேரன் இங்கேயே பிறந்தவன். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், வீட்டில் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. தாத்தாவும் பேரனும் ஒரே சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், நாலு வார்த்தை நகராது. பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "இதுல நான் ஆடற மாதிரி ஒண்ணும் கிடையாதா?"

அந்தக் கேள்வியை வைத்துத் திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். இடது கையில் ஸ்டிக், வலது கையில் பட்டன் என்பது எழுதாத சட்டம் போல ஆகிவிட்டது. ஆனால் பழைய பேக்-மேன் பெட்டியில் ஸ்டிக் நட்ட நடுவில் இருந்தது. எந்தக் கையாலும் ஆடலாம், ஒரே கையால் ஆடலாம். ஆகவே பலகையின் நடுவில் ஒரு நாற்றிசை ஸ்டிக், லேசான ஸ்பிரிங், நீள் பிடி. செட்டிலேயே விலை கூடிய ஸ்டிக் இதுதான். இரண்டு பக்கமும் ஆட்டம் தொடங்கும் பட்டன். இளைஞர்களுக்கு இருபுறமும் நகல் எட்டுத் திசை ஸ்டிக்குகள், சோதித்துப் பொறுக்கி எடுத்த பட்டன்கள். பலமான கை மட்டமான ஸ்டிக்கையும் சமாளித்துக்கொள்ளும், பலவீனமான கையால் முடியாது. நல்ல சாமானை எங்கே போடுவது என்பதற்கு என்னுடைய விதி இதுதான்.

நடு ஸ்டிக்குக்குத் தனி போர்டு தேவைப்படவில்லை. முதல் ஆட்டக்காரரின் ஸ்டிக் ஒயர்களோடு அதைப் பக்க இணைப்பாகச் சேர்த்தோம். எதை ஆட்டினாலும் விளையாட்டுக்கு ஒன்றுதான்.

இப்போது சனிக்கிழமை மாலையில் பெரியவர் இடது கையால் ஸ்டிக்கைப் பிடித்திருப்பார். பேரன் பக்கத்தில் நின்று வழி சொல்வான். "திரும்பு தாத்தா, கீழ போ, விடாத, ஐயோ பேய்!" இலக்கணத் தமிழ் இல்லைதான், திசைச் சொல்லும் ஏவல் வினையும்தான். ஆனால் அவன் வாயிலிருந்து வருகிற தமிழ்.

உலகத்திலும் இந்த எண்ணம் பரவியிருக்கிறது. கை கால் இயக்கம் குறைந்தவர்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2018இல் ஒரு கண்ட்ரோலர் வெளியிட்டது. அதில் 19 சின்ன ஜாக் துளைகள் இருக்கின்றன. நாம் இங்கே பேசுகிற பட்டனையே ஒரு ஜாக் ஒயரில் சேர்த்து அதில் சொருகி, காலாலோ முழங்கையாலோ அமுக்கும்படி வைக்கலாம்.

ஒயரும் போர்டும்

மைக்ரோ சுவிட்சில் பொதுவாக மூன்று முனை: பொது முனை, சாதாரணமாகத் திறந்தது, சாதாரணமாக மூடியது. நமக்கு வேண்டியது பொதுவும் திறந்ததும். மூடியதில் ஒயர் போட்டால் கை வைக்காமலேயே பட்டன் அமுங்கியது போல இருக்கும். சான்வா பட்டனில் இரண்டே முனை, எப்படி மாட்டினாலும் சரி. எல்லா சுவிட்சின் பொது முனையையும் ஒரே ஒயரில் மாலை மாதிரி கோர்த்து போர்டின் கிரவுண்டில் சேர்க்கலாம்.

இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இரண்டு மலிவு போர்டு போட்டால், கம்ப்யூட்டர் சில சமயம் முதல் ஆளையும் இரண்டாம் ஆளையும் மாற்றி எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரையும் ஒரே போர்டில் சேர்க்கும் வகை கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை. ஒயர் வேலை 5 வோல்ட், பயமில்லை. மானிட்டரும் பவர் சப்ளையும் 230 வோல்ட். அதைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள், எர்த் கட்டாயம். பழைய விளையாட்டுகளுக்கும் காப்புரிமை உண்டு. முறையாகக் கிடைப்பதை மட்டும் போடுங்கள், பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை

கடைசியாக ஒன்று. பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து, மூடியில் பாட்டில் மூடிகளைப் பட்டன் மாதிரி ஒட்டுங்கள். ஸ்டிக் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குத்துங்கள். வீட்டில் உள்ள எல்லாரையும், குட்டிப் பெண் முதல் பாட்டி வரை, ஒவ்வொருவராக அதன் முன் நிற்க வைத்துக் கையை வைக்கச் சொல்லுங்கள். யாருக்கு எட்டவில்லை, யாருக்கு மணிக்கட்டு மடங்குகிறது, யார் உட்கார்ந்துதான் ஆட முடியும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் பல்லாங்குழியும் தாயமும் தரையில் உட்கார்ந்து ஆடியவர்கள். தேவையென்றால் பெட்டியையே தாழ்வாகச் செய்யலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த அட்டையில் விழுந்த குறிகளோடு எஸ்.பி. ரோட்டுக்குப் போங்கள். கடைக்காரர் "சார், இதுதான் பெஸ்ட்" என்று எதைக் காட்டினாலும், அது யாருடைய கைக்கு என்று நீங்களே பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.